அத்தியாயம் 6: சொல்வழி கேளாத அம்புக்குறி

சல்லியில் ஒரு வீட்டு லெப்டொப்பின் அம்புக்குறி தன்பாட்டில் ஓடத் தொடங்கினால், முதலில் எழும் பேச்சு "வைரஸ் புகுந்திட்டுது" என்பதுதான். அடுத்தது, "ரவுணுக்குக் கொண்டுபோய் விண்டோஸ் அடிப்பம்." இரண்டுமே அவசரப் பேச்சு. கடற்கரை வீடுகளில் மவுஸும் டச்பேட்டும் குழம்புவதற்கான காரணம் பல வேளைகளில் மென்பொருளுக்கு வெளியேதான் கிடக்கிறது. விரலில் ஈரம் இருக்கலாம், காற்றில் உப்பு இருக்கலாம், சுவரிலுள்ள சொக்கெட் சரியில்லாமல் இருக்கலாம், மணிக்கட்டுக்குக் கீழே பற்றரி ஊதியிருக்கலாம். அதனால் இந்த அத்தியாயத்தில் வெளியிலிருந்து உள்ளே போகிறோம். விண்டோஸைத் திரும்பப் போடுவது கடைசியில் வரும். அநேகமாக அதற்குத் தேவையே வராது.

முதல் வேலை, பழுது எந்தப் பக்கம் என்று பிரித்தறிவது. பக்கத்து வீட்டிலாவது ஒரு யூஎஸ்பி மவுஸை இரவல் வாங்கிச் செருகுங்கள். அது ஒழுங்காக ஓடினால் கோளாறு டச்பேட்டில். அதுவும் சேர்ந்து தடுமாறினால் லெப்டொப்பே திணறுகிறது, அல்லது விண்டோஸில் ஏதோ சிக்கல். வெளி மவுஸ்தான் பிரச்சினை என்றால் அதை இன்னொரு லெப்டொப்பில் செருகிப் பாருங்கள். ஐந்து நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் அதையே செய்து அதற்கும் கூலி கேட்பார். அது நியாயமும்கூட.

இரவல் மவுஸ் கிடைக்கவில்லை, கோணேசபுரி வளாகத்துக்கு அனுப்பவேண்டிய ஒப்படை பாதியில் நிற்கிறது என்றால் பதற வேண்டாம். விசைப்பலகை மட்டும் போதும். கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி முதலில் கோப்பைச் சேமியுங்கள். விண்டோஸ் விசையைத் தட்டி நிரலின் பெயரை எழுதி என்டர் அழுத்தினால் அது திறக்கும். ஒரு சாளரத்துக்குள் இடம் மாற டாப், தெரிவுசெய்ய ஸ்பேஸ், மவுஸின் வலப்பக்கப் பட்டனுக்குப் பதில் ஷிப்ட்டுடன் எப் 10, ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆல்ட்டுடன் டாப். விசைப்பலகையின் வலப்பக்கத்தில் தனி இலக்கத் தொகுதி இருந்தால் இன்னும் வசதி. இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம்லொக் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வரும் கேள்விக்கு ஓம் என்று விடுங்கள். 8, 2, 4, 6 அம்புக்குறியை நகர்த்தும், 5 க்ளிக் செய்யும். அது நத்தை வேகத்தில்தான் நகரும், ஆனாலும் ஒப்படை போய்ச் சேரும்.

இனி டச்பேட். 1994இல் அப்பிளின் பவர்புக் 500 வரிசையோடு மடிக்கணினிகளில் பரவத் தொடங்கிய இந்தச் சதுரம் அழுத்தத்தை அளப்பதில்லை. அதன் தோலுக்குக் கீழே மெல்லிய மின்முனைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் கிட்ட வரும்போது அவ்விடத்தின் மின் கொள்ளளவம் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்துத்தான் விரல் எங்கே நிற்கிறது என்று லெப்டொப் கணிக்கிறது. அதனால்தான் பென்சில் முனையால் தொட்டால் அது அசையாது. அதே காரணத்தால் ஒரு துளி நீரை அது விரல் என்று நம்பிவிடும். வெறும் நீரைவிட உப்பு நீர் மின்னை நன்றாகக் கடத்தும். மீன் கழுவிய கையோ, வியர்த்த கையோ, கடலில் குளித்துவிட்டு அரைகுறையாகத் துடைத்த கையோ பட்டால், ஒரு விரல் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று விரல் இருப்பதாக அது எடுத்துக்கொள்ளும். பக்கம் தானாகப் பெருக்கும், சிறுக்கும், மேலும் கீழும் உருளும். வைரஸ் என்று நினைக்க வைப்பது இந்த ஆட்டம்தான்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிறகு லெப்டொப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து டச்பேட்டைத் துடையுங்கள். தண்ணீரால் துடைக்கும் காரணம், காய்ந்த உப்பு வெறும் துணிக்கு வராது, நீரில்தான் கரையும். அதன்பின் உலர்ந்த துணி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் அல்ககோலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் கூடவே கூடாது. அதிலுள்ள அசற்றோன் சில பிளாஸ்திக்குகளைக் கரைத்துவிடும். எதையும் நேரடியாக லெப்டொப்பின்மேல் விசிறவும் கூடாது.

உப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உள்நாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதைக் கண்டுகொள்வதில்லை. சாதாரண உப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். மாரியில் சமையலறை உப்புப் போத்தல் கசிவதும் இதனால்தான். முத்துமாரியம்மன் கோயில் பக்கக் கரையிலிருந்து அலையின் தூவானத்தோடு வரும் வாடை, யன்னல் வழியாக வந்து லெப்டொப்பின் சந்துகளில் கண்ணுக்குத் தெரியாத உப்பைப் படியவிடுகிறது. பகல் வெயிலில் அது காய்ந்து பேசாமல் கிடக்கும். இரவில் ஈரம் ஏற, மெல்லிய மின்கடத்தியாக மாறும். கச்சான் காலத்தில் கதை வேறு. காற்று தரைப்பக்கமிருந்து வறண்டு வீசும். உப்புக்குப் பதில் மணலும் தூசியும் பட்டன் இடுக்குகளை அடைக்கும். ஆக, வாடைக்காலத்தில் அம்புக்குறி துள்ளினால் ஈரத்தைச் சந்தேகியுங்கள். கச்சான் காலத்தில் பட்டன் இறுகினால் மணலை.

இதற்கு மருந்து எளிது. மேசையைக் கடல்பக்க யன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். வேலை முடிந்ததும் மூடிவையுங்கள். மாரி முழுவதும் பெட்டிக்குள் போட்டு வைப்பதைவிட ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் இயக்குவது நல்லது. இயங்கும் லெப்டொப் உள்ளே சூடாகி ஈரத்தைத் துரத்தும். அரிசி வாளிக்குள் புதைக்கும் வைத்தியத்தைக் கைவிடுங்கள். அரிசி உப்பை எடுக்காது, தவிட்டுத் தூசியைக் கொடுக்கும். கடல்நீரே சிந்திவிட்டால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்கி, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். உள்ளிருக்கும் உப்பு, லெப்டொப்பைக் கழற்றிக் கழுவினால்தான் போகும்.

இப்போது பலர் கவனிக்காத ஒரு காரணம். சாம்பல்தீவுச் சந்தியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் வீதியில் ஒரு வீடு. படிக்கும் மகளின் லெப்டொப்பைக் காட்டித் தாய் சொன்னார்: "தம்பி, பகலில நல்லா வேலை செய்யுது. இரவிலதான் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது." பேய்க்கு விளக்கம் சுவரில் இருந்தது. பகலில் பிள்ளை முற்றத்து வேம்பின் கீழ் பற்றரியில் வேலை செய்கிறாள். இரவில் அறைக்குள் சார்ஜர். அந்தச் சார்ஜரின் இரண்டு முனைப் பிளக்கை, சதுர முனைச் சொக்கெட்டின் மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்தித் திறந்து வலிந்து செருகியிருந்தார்கள். நம் ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் நடக்கும் வேலைதான் இது. மேல் துளை எர்த் முனைக்கு உரியது. பிளக்கின் நீண்ட எர்த் முனை உள்ளே போனால்தான் கீழ்த் துளைகளின் கதவு திறக்கவேண்டும் என்று பாதுகாப்புக்காக வைத்ததைப் பேனையால் ஏமாற்றுகிறோம்.

சார்ஜருக்குள் ஓர் ஆளிச்சுற்று நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. அதன் இரைச்சலில் ஒரு பங்கு எர்த் வழியாக வடியவேண்டும். எர்த் இல்லையென்றால் அது லெப்டொப்பின் உடலில் மிதக்கும். கொள்ளளவத்தின் நுண்ணிய மாற்றத்தைத் தேடும் டச்பேட்டுக்கு அது சந்தைக்குள் நின்று இரகசியம் கேட்பது போல. உலோக மூடியுள்ள லெப்டொப் என்றால் விரலின் பின்புறத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று அதிர்வதுபோல் இருந்தால் அதே சங்கதி. உறுதிப்படுத்த, சார்ஜரைக் கழற்றுங்கள். அம்புக்குறி உடனே அடங்கினால் சந்தேகம் வேண்டாம்.

சரிசெய்யும்போது சுவர்ப் பிளக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சார்ஜர்க் கட்டிக்குள் போகும் வயரின் நுனியைப் பாருங்கள். அங்கே மூன்று துளை இருந்தால்தான் எர்த் உள்ளே போகிறது. இரண்டு துளை என்றால் சுவரில் எத்தனை முனை இருந்தாலும் பயனில்லை. மூன்று துளைச் சார்ஜருக்கு 13 அம்பியர் சதுர முனைப் பிளக்குள்ள வயரை வாங்கிப் போடுங்கள். அதன்பின்னும் துள்ளினால் வீட்டின் எர்த் கம்பியே துருப்பிடித்து அறுந்திருக்கலாம். உப்பு மணலில் புதைத்த கம்பிக்கு ஆயுள் குறைவு. அதை மின்பணியாளர் அளந்து பார்க்கட்டும், நீங்கள் தொடவேண்டாம். டச்பேட்டைவிட உங்கள் உயிருக்குத்தான் அந்த எர்த் அதிகம் தேவை. சொரசொரப்பைத் தாண்டிச் சுரீரென்று அடித்தால் அந்தச் சார்ஜரை அன்றோடு நிறுத்திவிடுங்கள். விலைகுறைந்த மாற்றுச் சார்ஜர்களில் இரைச்சலை வடிகட்டும் பாகங்களையே சிக்கனம் பிடித்திருப்பார்கள். இன்னொருவரின் ஒரிஜினல் சார்ஜரை, அதே வோல்ற்று அளவு என்று பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் செருகிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

அடுத்தது அவசரமானது. டச்பேட்டின் க்ளிக் சில வாரங்களாக இறுகிக்கொண்டு வருகிறதா? அதன் ஒரு விளிம்பு சட்டத்தைவிட எழும்பி நிற்கிறதா? மூடி முழுதாகப் பொருந்தவில்லையா? மட்டமான மேசையில் வைத்தால் லெப்டொப் ஆடுகிறதா? அப்படியென்றால் பழுது டச்பேட்டில் இல்லை, அதன் அடியில் உள்ள பற்றரி ஊதுகிறது. லித்தியம் பற்றரிக்குள் மூப்பாலும் வெப்பத்தாலும் வாயு உண்டாகி உறை பலூனாகிறது. எப்போதும் சார்ஜரில் செருகியபடி வெக்கை அறையில் இருக்கும் லெப்டொப்புகளில் இது கூடுதலாக வரும். எழும்பிய டச்பேட்டை அமத்தி உள்ளே தள்ளாதீர்கள். குத்தி வாயுவை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேளாதீர்கள்; துளைபட்ட கலம் தீப்பற்றும். அணைத்து, சார்ஜ் ஏற்றாமல், மெத்தை துணிமணிக்கு அப்பால் வைத்து, பற்றரியைக் கழற்றி மாற்றத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பற்றரியை வளவில் குப்பையோடு போட்டு எரிக்கவும் கூடாது, கடலில் எறியவும் கூடாது. புதியதைப் போட்டபின், உற்பத்தியாளரின் நிரலில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள்.

கை சுத்தம், பிளக் சரி, பற்றரி தட்டை. இருந்தும் டச்பேட் முற்றாகச் செத்துக் கிடக்கிறது என்றால், அதை யாரோ அணைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. விசைப்பலகையின் மேல்வரிசையில் சின்னச் சதுரமும் அதன் குறுக்கே ஒரு கோடும் போட்ட விசையைத் தேடுங்கள். கம்பனிக்குக் கம்பனி இடம் மாறும். எஃப்என் விசையோடு சேர்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பழைய எச்பி மாதிரிகள் சிலவற்றில் டச்பேட்டின் இடது மேல் மூலையை இருமுறை தட்டினால் அணையும், திரும்பத் தட்டினால் எழும். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையும் ஐயும் அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, புளூடூத் அன்ட் டிவைசஸ் பகுதிக்குள் டச்பேட் என்பதைப் பாருங்கள். மவுஸ் செருகியிருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும் என்ற பெட்டியில் சரி அடையாளம் இல்லாவிட்டால், வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவர் ஒரு மூலையில் மறந்துபோய்ச் செருகியிருந்தாலே டச்பேட் உறங்கிவிடும்.

இன்னொரு சின்னச் சூட்சுமம். அணைத்துப் போட்டேன், சரிவரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஷட் டவுன் கொடுத்தவர்கள். விரைவாக எழும்புவதற்காக விண்டோஸ் அப்போது தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் போடுகிறது. குழப்பமும் சேர்ந்து எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதுவும் பலிக்காவிட்டால் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்ப இயக்குங்கள். பல லெப்டொப்புகள் இதற்கே வழிக்கு வரும்.

விண்டோஸ் புதிதாகப் போட்டு வந்த நாளிலிருந்து டச்பேட் இல்லை என்றால் வன்பொருளைக் குறைசொல்லாதீர்கள். இன்றைய டச்பேட்டுகள் பெரும்பாலும் ஐ2சி என்ற உள் இணைப்பு வழியாகவே பேசுகின்றன. இன்டெல் லெப்டொப்பில் சீரியல் ஐஓ ட்ரைவரும், ஏஎம்டி லெப்டொப்பில் அதன் ஐ2சி ட்ரைவரும் இல்லையென்றால், டச்பேட் இருக்கிறது என்பதே விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸ் விசையும் எக்ஸும் அழுத்தி, பிறகு எம் தட்டினால் டிவைஸ் மனேஜர் திறக்கும். மஞ்சள் முக்கோணம் எங்காவது நின்றால் அதுதான் ஆள். லெப்டொப்பின் அடியிலுள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்து, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்தே ட்ரைவரை இறக்குங்கள். வை-ஃபையும் வேலை செய்யாவிட்டால் கைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து இணையம் கொடுக்கலாம். எல்லா ட்ரைவரையும் தேடித் தருவதாகச் சொல்லும் இலவச நிரல்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கடைசிச் சோதனையாக, இயக்கும்போதே பயோஸ் திரைக்குள் போய்ப் பாருங்கள். பல புதிய மாதிரிகளில் அங்கேயும் டச்பேட் வேலை செய்யும். அங்கே அசைந்து விண்டோஸில் அசையாவிட்டால் டச்பேட்டில் பழுதில்லை, காசு மிச்சம். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும், திரும்பப் போடச் சொல்லுமுன் நினைவில் வையுங்கள்.

வெளி மவுஸுக்கு வருவோம். அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ்களைக் கழற்றி அழுக்குச் சுரண்டிய தலைமுறைக்கு இப்போதைய மவுஸ் மர்மமாகத் தெரியலாம். உள்ளே ஒரு சின்னக் கமெரா நொடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை மேசையைப் படம்பிடித்து, படத்துக்குப் படம் என்ன நகர்ந்தது என்று ஒப்பிடுகிறது. கண்ணாடி மேசையிலும் பளபளக்கும் பிளாஸ்திக் விரிப்பிலும் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒரு வெள்ளைக் கடதாசியை அடியில் வையுங்கள், அல்லது பழைய கொப்பி மட்டை. அடித் துளைக்குள் ஒரு தலைமயிர் கிடந்தாலும் அம்புக்குறி நடுங்கும். மென்மையாக ஊதிப் பஞ்சுக் குச்சியால் எடுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தால் முதலில் புதிய பற்றரி. ஆனால் யூஎஸ்பி 3 வழியாக இணைத்த வன்தட்டு பக்கத்திலேயே இருந்தால் அதையும் கவனியுங்கள். அவ்வகை இணைப்பிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது, பெரும்பாலான மவுஸ் ரிசீவர்களும் அங்கேதான் பேசுகின்றன. இன்டெல் 2012இலேயே இதை ஆவணமாக வெளியிட்டது. ரிசீவரை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது சிறிய யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் போட்டு மவுஸுக்குக் கிட்ட வையுங்கள். பற்றரிக் குழிக்குள் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால், கசிந்தது அல்கலைன் பற்றரி என்றால், அது காரம். பஞ்சில் இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. மவுஸ் மாதக்கணக்கில் சும்மா கிடக்கப் போகிறதென்றால் பற்றரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஒருமுறை அழுத்த இருமுறை விழுகிறதா? திரையில் ஒரு கோப்புறையை மெல்ல ஒரே தடவை க்ளிக் செய்யுங்கள். திறந்துகொண்டால் பட்டனுக்குக் கீழுள்ள நுண் ஆளியின் தகடு தேய்ந்தோ உப்பில் கறுத்தோ துள்ளுகிறது. இழுத்துக்கொண்டுபோகும் கோப்பு பாதிவழியில் நழுவி விழுவதும் இதே நோய். பற்றாசு பிடிக்கத் தெரிந்தவர் ஆளியை மாற்றலாம். மலிவு மவுஸ் என்றால் புதிது வாங்குவதே இலாபம். அதுவரைக்கும் செட்டிங்ஸில் இட வலப் பட்டன்களை மாற்றிவைத்துச் சமாளிக்கலாம். வயருள்ள மவுஸ் சில கோணங்களில் மட்டும் உயிர்பெற்றால், வயர் மவுஸுக்குள் நுழையும் கழுத்தில் உள்ளே அறுந்திருக்கிறது. யூஎஸ்பித் துளையில் பச்சை படிந்திருந்தால் அந்தத் துளையை விட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள். ஊசியால் சுரண்டினால் இருப்பதும் போய்விடும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றானால், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். சார்ஜரோடு மட்டுமா, பற்றரியிலும் வருகிறதா? வெளி மவுஸ் வேலை செய்கிறதா? பயோஸில் அசைகிறதா? எந்த நாளிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது? சார்ஜரையும் கூடவே கொண்டுபோங்கள், பாதிப் பழுது அதற்குள் இருக்கலாம். முன்பு பற்றரி மாற்றவோ தூசி தட்டவோ திறந்த லெப்டொப் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். டச்பேட்டிலிருந்து தாய்ப்பலகைக்குப் போகும் தட்டை வயர் பற்றரியின்மேலோ பக்கத்திலோதான் ஓடும், திறக்கிறவர் கை பட்டு அது கழன்றிருக்கலாம். அதைத் திரும்பச் செருகுவது சில நிமிட வேலை. காசு கொடுக்குமுன் அங்கேயே, சார்ஜரைச் செருகியும் கழற்றியும், இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள்.